ஊசுட்டேரியில் காமிராவும் கையுமாக ஒரு காலை! படத்தில் நாரை இருக்கு... கரை எங்கே?

வில்லியனூர்:-

விடிகாலை மணி 5. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோவில் தேரடி. டீக்கடை பாய்லரைத் தவிர வேறு எதுவும் விழித்த மாதிரி தெரியவில்லை.

அந்த இருட்டில் தோளில் பீரங்கியைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் வந்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் அது காமிரா என்று புரிந்தது. லென்சு மட்டும் முழங்கை நீளம் இருக்கும்!

"தம்பி, டீ குடிச்சாச்சா? சட்டுன்னு கெளம்புங்க. வெயில் ஏறிட்டா நமக்கு அங்க வேலை இல்லை" என்றார்.

யார் இவர்? கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று போட்டோ எடுப்பவர். இந்தப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்து இருக்கிறார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஏரிக்கரை ரோட்டில் போய்க் குந்திவிடுவார். எல்லாம் பறவைப் படம். காசு வராத தொழில்.

"பேர் மட்டும் போட்டுடாதீங்க. கல்யாண ஆர்டர் குடுக்கிறவங்கள்ல பாதிப் பேர் பிளாட் வியாபாரம் பண்றவங்க" என்று சிரித்தார். ஆகவே நாமும் அவரை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

மாசி மாதம் முடியும் நேரம். திருக்காஞ்சி ஆற்றங்கரையில் மாசி மகத்துக்குக் கூடிய கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. ஏரியில் கூடிய கூட்டமும் கலையப் போகிறது.

"இன்னும் ரெண்டு மூணு வாரம்தான். அப்புறம் வாத்துங்க எல்லாம் சொந்த ஊருக்குக் கெளம்பிடும்" என்றார் அண்ணன்.

எந்த ஊருக்கு? சைபீரியா பக்கம்!

பாதி ஏரி பாண்டி, பாதி ஏரி தமிழ்நாடு

வில்லியனூரில் இருந்து பத்துக்கண்ணு போகும் ரோட்டைப் பிடித்தால் சிறிது நேரத்தில் வந்துவிடுகிறது ஊசுட்டேரி. பாண்டிச்சேரி டவுனில் இருந்து கணக்குப் போட்டால் மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். புதுச்சேரி வட்டாரத்திலேயே பெரிய ஏரி இதுதான். அடுத்தது பாகூர் ஏரி.

சங்கராபரணி ஆற்றில் சுத்துக்கேணி அருகே பிரியும் வாய்க்கால்தான் இதற்கு முக்கியமான தண்ணீர் வழி. ஆற்றில் வெள்ளம் வந்தால் ஏரிக்கு வாழ்வு. ஏரி நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் போர்களுக்கும் வாழ்வு.

இதில் ஒரு வேடிக்கை. ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரியில் இருக்கிறது. மறு பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் இருக்கிறது. பறவைக்கு எல்லைக் கல் தெரியுமா? காலையில் பாண்டி மீனைத் தின்றுவிட்டு, மத்தியானம் தமிழ்நாட்டு மரத்தில் போய்த் தூங்குகிறது.

ஆனால் சர்க்காருக்கு எல்லைக் கல் உண்டே! புதுச்சேரி அரசு தன் பங்கான 390 எக்டேரை 2008-ம் வருடம் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பங்கில் 331 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பைச் சரணாலயம் ஆக்கியது 2015-ல். ஆக, நடுவில் 7 வருடம் ஒரே ஏரியின் ஒரு கரையில் நாரைக்குச் சரணாலயம். அக்கரை போனால் அது வெறும் ஏரி!

அது போகட்டும். இப்போது இரண்டு பக்கமும் சரணாலயம். போர்டு இருக்கிறது. சட்டம் இருக்கிறது. பிறகு என்ன கவலை? அதைத்தான் நானும் அண்ணனிடம் கேட்டேன்.

"இருங்க தம்பி. வெளிச்சம் வரட்டும். கண்ணால பார்த்துட்டே பேசலாம்."

பந்தி நடக்கும் இடம்

வெளிச்சம் வந்தது. முதலில் சத்தம்தான் வந்தது என்று சொல்ல வேண்டும். நாமக்கோழி ஒரு பக்கம் கத்துகிறது. தாழைக்கோழி ஒரு பக்கம். தலைக்கு மேலே "விஸ்" என்று ஒரு வாத்துக் கூட்டம் போனது. நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் அண்ணனின் காமிரா 'கடகட'வென்று தையல் மெஷின் மாதிரி ஓடி ஓய்ந்துவிட்டது.

"ஊசிவால் வாத்து. வாலைப் பார்த்தீங்களா, ஊசி மாதிரி?"

நான் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததாகத் தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. கரை ஓரச் சேற்றில் சின்னச் சின்ன உள்ளான்கள், கடிகார முள் மாதிரி விடாமல் குத்திக் குத்தி எதையோ பொறுக்குகின்றன. அதற்குச் சற்று உள்ளே, சாண் ஆழத்தில், சிவப்புக் குச்சிக் காலை வைத்துக்கொண்டு நெடுங்கால் உள்ளான். இன்னும் உள்ளே, முழங்கால் ஆழத்தில், கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும். அதற்கும் அப்பால் ஆழத்தில் முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா.

கல்யாண போட்டோகிராபர் அல்லவா? அண்ணன் அவர் பாஷையிலேயே விளக்கினார்.

"பந்தி மாதிரி தம்பி. அவன் அவன் கால் நீளத்துக்கு ஒரு வரிசை. குட்டைக்காலன் கரையில. நெட்டைக்காலன் உள்ள. மாத்தி உக்கார முடியாது. உள்ளான் கால் விரல்கடை நீளம். அது போய் ஆழத்துல நின்னா முழுகிடும். நாரை இருக்கே, அது கண்ணால பார்த்து மீன் பிடிக்காது. வாயைத் தொறந்து தண்ணிக்குள்ள வச்சிக்கிட்டு நடக்கும். மீன் பட்டதும் டப்புன்னு மூடும். அதுக்கு முழங்கால் தண்ணிதான் தோது."

"சரி அண்ணே..."

"இப்ப யோசிங்க. ஏரியை மூடினா நடு ஏரியிலயா போயி மண்ணைக் கொட்டுவான்? கரையிலதான் கொட்டுவான். ஆழம் இல்லாத இடம், கோடையில காயற இடம், மண்ணைக் கொட்டினா உடனே மேடாகிற இடம். அதுதான் பந்தி நடக்கிற இடம்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரியில் தண்ணீர் தளும்பி நிற்கலாம். வரைபடத்தில் நீலமாகவே இருக்கலாம். படகுத்துறையில் நின்று பார்க்கிறவர்களுக்கு "அடேயப்பா, எவ்வளவு பெரிய ஏரி!" என்றுதான் தோன்றும். ஆனால் ஓரத்துச் சேறும் சாண் தண்ணீரும் போய்விட்டால், வருகிற பறவையில் பெரும்பகுதிக்கு இலை போட இடம் இல்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. ஏரியைத் தூர்வாருகிறோம் என்று ஒரே சீராகச் செங்குத்தாக வெட்டி, ஓரம் வரை கிணறு மாதிரி ஆழமாக்கிவிட்டாலும் இதே கதிதான். தண்ணீர் கூடும், நாரை குறையும். தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓரத்தைச் சரிவாக விட்டுவிட்டு வாரலாம் அல்லவா?

36 படமும் ஒரு தாலிக்கட்டும்

அண்ணன் காமிராவைத் தொட்டது ரீல் காலத்தில். ஒரு ரீலுக்கு 36 படம். கலர் ரீல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட்டு எடுப்பதற்குள் ஒரு நாள் சம்பாத்தியம் போய்விடும்.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் ரீலைப் போட்டுக்கிட்டு ஏரிக்கு வருவேன். நாரைக்கு நாலு படம் குடுத்துட்டா அப்புறம் 32. மாலை மாத்தறதுக்கு எட்டு, சாப்பாட்டுப் பந்திக்குப் பத்து... தாலி கட்டறப்ப ரீல் தீர்ந்து போயி ஒரு தடவை நான் பட்ட பாடு! பொண்ணோட மாமன் என்னை அடிக்கவே வந்துட்டாரு."

அந்த நாளில் அவரிடம் நீள லென்சு கிடையாது. பறவை, படத்தில் கடுகு மாதிரி விழும். "இது என்னடா, கொக்கா, காகிதமா?" என்று வீட்டில் கேலி செய்வார்களாம்.

பறவையைப் பக்கத்தில் இருந்து படம் எடுக்க, உலகத்தில் ஆட்கள் என்னென்னவோ செய்து பார்த்து இருக்கிறார்கள். இங்கிலாந்தில் கீர்டன் என்ற அண்ணன் தம்பிகள் இருவர். 1892-ல் தம்பி செரி கீர்டன், முட்டையோடு இருந்த ஒரு பறவைக்கூட்டைப் படம் பிடித்தார். பறவைப் படக் கலையின் பிள்ளையார் சுழிகளில் ஒன்று அது. பிறகு பறவைகள் ஆளைக் கண்டு பறக்கின்றன என்பதற்காக, மாட்டுத் தோலில் ஒரு பொய் மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் புகுந்துகொண்டு படம் எடுத்தார்கள்! பறவை, மாடு மேய்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் வருமாம்.

நம் ஊரிலும் அப்படிப்பட்ட பிடிவாதக்காரர் இருந்தார். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன் (1912-1996). தமிழிலும் இங்கிலீஷிலும் காட்டைப் பற்றி எழுதியவர். பல உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டவைத்த காமிராவில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துத் தள்ளினார். யானை ஆகட்டும், பறவை ஆகட்டும், அது வாழும் இடத்தோடு சேர்த்துப் பார்த்தவர்.

இந்தக் காலத்தில் நிலைமை வேறு. லென்சு விலை லட்சக்கணக்கில் போகிறது. ஒரு கிளிக்கில் இருபது படம். நாரையின் கண்ணில் தெரியும் சூரியன் வரை துல்லியமாக வருகிறது. விடுமுறை நாட்களில் சென்னை, கடலூர், விழுப்புரம் என்று எங்கிருந்து எல்லாமோ கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

படமும் பிரமாதமாக வருகிறது. ஆனால் அண்ணனுக்கு நடந்த கதையைக் கேளுங்கள்!

நாரை விற்ற பிளாட்

சில வருடங்களுக்கு முன்பு அண்ணன் மஞ்சள்மூக்கு நாரை ஒன்றை அருமையாகப் படம் எடுத்தார். இறக்கையை விரித்து இறங்கும் காட்சி. பின்னால் தண்ணீர், பொன் மாதிரி வெயில். பேஸ்புக்கில் போட்டார். பாராட்டு குவிந்தது.

ஆறு மாதம் கழித்து, டீக்கடையில் பஜ்ஜி கட்டிக்கொடுத்த காகிதத்தைப் பிரித்தார். பளபளப்பான நோட்டீசு. "ஏரிக்காற்று! இயற்கை எழில்! உடனடிப் பத்திரப்பதிவு!" என்று கொட்டை எழுத்து. நடுவில்... அவருடைய நாரை!

ஏரியை ஒட்டிய வயலில் மனை போட்டவர்களின் விளம்பரம் அது. படத்தின் ஓரத்தில் அவர் போட்டிருந்த பெயரை வெட்டிவிட்டார்கள்.

நேராகப் போய்க் கேட்டார். "நெட்டுல கெடைச்சது சார். உங்களுதா? சூப்பர் படம் சார்" என்று சொல்லி, குளிர்பானம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

"பணம் கேக்கத்தான் போனேன். திரும்பி வரும்போது பணம் ஞாபகமே இல்லை" என்றார் அண்ணன். "அந்த நாரை எறங்கின எடத்துக்குப் பின்னாடி அன்னைக்கே மஞ்சள் பெயிண்ட் அடிச்ச கல்லு நட்டிருந்தாங்க தம்பி. எனக்குத் தெரியும். படத்துல அசிங்கமா இருக்கேன்னு நான்தான் வெட்டிட்டேன். ஒரு பொக்லைனும் நின்னுது. அதையும் வெட்டிட்டேன். பறவையும் தண்ணியும் மட்டும் வச்சேன். பார்க்கறவனுக்கு என்ன தோணும்? ஆகா, ஏரி ஜோரா இருக்குன்னு தோணும். நான் எடுத்த நாரையே என் ஏரிக்கரையை வித்துக் குடுத்துடுச்சு."

அன்று ராத்திரி வீட்டுப் பரணில் இருந்து பழைய ஆல்பங்களை இறக்கினாராம். கேலி செய்யப்பட்ட அந்தக் 'கடுகு'ப் படங்கள்! பறவை தெரியவில்லை. ஆனால் மற்றது எல்லாம் தெரிந்தது. கரை எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது, எத்தனை பனை, வாய்க்கால் எந்தப் பக்கம் வளைகிறது, சித்திரையில் தண்ணீர் எதுவரை வற்றியது... எல்லாம். நெகட்டிவ் கவரில் தேதியும் எழுதி வைத்து இருந்தார், கல்யாணக் கணக்குக்காக.

அந்தப் பழைய பிரிண்டு ஒன்றை அன்று காலை கையில் கொண்டுவந்து இருந்தார். படம் எடுத்த அதே மதகுக் கட்டையில் என்னை ஏற்றி நிறுத்தி, "இப்பப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். பிரிண்டில் எட்டுப் பனை. எதிரே மூன்று. பிரிண்டில் வயலும் சேறும் கலந்து கிடக்கும் இடத்தில், எதிரே செம்மண் ரோடு, நான்கு கம்பம், ஒரு வளைவு. மனைக்கு அனுமதி உண்டா, இல்லையா என்பது இந்தக் கட்டுரையின் விசாரணை அல்ல. பட்டா நிலமாகவே இருக்கட்டும். சரணாலய எல்லைக்கு வெளியிலேயே இருக்கட்டும். நாரைக்கு அந்தச் சேறு இப்போது இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

"எனக்கு யார் சாமி சரணாலயம்?"

மதகுப் பக்கம் மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே நின்றார். அவருக்கும் அந்தப் பக்கம் நிலம் இருந்ததாம். விற்றுவிட்டார்.

"கொக்கு போட்டோ புடிக்க வர்றீங்க. நல்லது. நாங்க நெல்லு போட்டா என்ன வருதுன்னு எவனாவது போட்டோ புடிக்கிறீங்களா? ஆள் கூலி, உரம், மருந்து போக கையில என்ன நிக்குது? பொண்ணு கல்யாணத்துக்கு வித்தேன். கொக்குக்குச் சரணாலயம் குடுத்தான். எனக்கு யார் சாமி சரணாலயம்?"

அண்ணன் பதில் பேசவில்லை. "அந்தக் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ" என்று பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பெரியவர் சொல்வதில் நியாயம் இல்லையா? ஏரியின் சரணாலயம் கரையோடு நின்றுவிடுகிறது. பறவையின் பிழைப்போ கரையோடு நிற்பது இல்லை. நத்தைகுத்தி நாரைக்கு வேலையே வயலில்தான். நெற்பயிர் நடுவில் நத்தையைத் தேடித் தின்னும். கொக்கும் அரிவாள்மூக்கனும் உழவு மாட்டின் பின்னாலும் டிராக்டரின் பின்னாலும் நடந்து புழுவைப் பொறுக்கும். வயல் வயலாக இருந்தால்தான் ஏரி பறவை ஏரியாக இருக்கும். அந்த வயலை வைத்துக்கொண்டு இருப்பவனுக்கு அதனால் கட்டுப்படி ஆக வேண்டும். இந்தக் கணக்கை யாரும் போடாமல் சரணாலய போர்டுக்கு மட்டும் பெயிண்ட் அடித்துக்கொண்டு இருந்தால் எப்படி?

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில் இந்தக் கணக்கை அந்தக் காலத்திலேயே ஊர்க்காரர்கள் போட்டு இருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவை சுட்டபோது, ஊர் திரண்டு கலெக்டரிடம் போய், சுடக்கூடாது என்று கவுல் வாங்கி வந்தது. அங்கே பறவை பிழைத்ததற்கு முதல் காரணம் விவசாயிதான். போட்டோகிராபரும் சட்டமும் பிறகு வந்தவர்கள்.

பள்ளிக்கரணைப் பாடம்

சென்னைக்குப் போகிற வாசகர்கள் பள்ளிக்கரணையைப் பார்த்து இருப்பீர்கள். வேளச்சேரியில் இருந்து தெற்கே, ரோட்டின் இரண்டு பக்கமும் விரியும் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் இருந்தது. ரோடு வந்தது, ரெயில் வந்தது, கம்பெனிகள் வந்தன, பெருங்குடிப் பக்கம் மாநகராட்சி குப்பை மேடும் வந்தது. மிச்சம் இருப்பது பழைய பரப்பில் ஒரு சிறு பங்குதான். 2007-ல் 317 எக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் அந்தச் சதுப்பு நிலம் சர்வதேச ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

அங்கே எடுத்த படங்களில் ஊர் வாயைப் பிளந்து பார்த்தது எது தெரியுமா? ரோஜா நிறப் பூநாரைக் கூட்டம், அதன் முதுகுக்குப் பின்னாலேயே கண்ணாடிக் கட்டிடங்கள்! பூநாரையை மட்டும் வெட்டி எடுத்து இருந்தால், அது குஜராத்தோ ஆப்பிரிக்காவோ யாருக்குத் தெரியும்? கட்டிடமும் சேர்ந்து விழுந்ததால்தான், "அட, நம்ம ஆபீசு ஜன்னலுக்குக் கீழேயா இது!" என்று ஊருக்கு உறைத்தது.

அண்ணன் இப்போது அதைத்தான் செய்கிறார். நீள லென்சில் ஆசைக்கு நாலு படம். பிறகு பையில் இருந்து சின்ன லென்சை எடுத்து மாட்டி, அதே இடத்தில் நின்று அகலமாக ஒரு படம். கல், கம்பம், குப்பை, பொக்லைன் எது விழுந்தாலும் வெட்டுவது இல்லை. மாதம் ஒரு தடவை, அதே ஆறு இடங்களில். தேதி போட்டு வைக்கிறார். எந்தப் பறவை எத்தனை என்று செல்போனில் 'இ-பேர்டு' கணக்கிலும் பதிகிறார். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம். ஏரிப் பறவைகளுக்கு என்று ஆசியா முழுவதும் 1987-ல் இருந்து ஜனவரி மாதத்தில் ஒரு கணக்கெடுப்பும் நடந்து வருகிறது.

"இதுக்கு லைக் வராது தம்பி. என் பொண்ணே, ஏன்பா குப்பையை எல்லாம் எடுக்கறேன்னு கேக்குது."

படம் எடுப்பவர்களே, நீங்களும்தான்!

காலை 7-30. எங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு கார் வந்து நின்றது. நான்கு இளைஞர்கள். நால்வர் கையிலும் பெரிய காமிரா. வாத்துகள் தண்ணீரில் அமைதியாக மிதந்துகொண்டு இருந்தன. பறக்கும் படம் வேண்டுமாம். ஒருவர் "ஹோய்" என்று கையைத் தட்டினார். வாத்து அசையவில்லை. ஒரு கல்லை எடுத்து வீசினார்.

ஏரியே எழுந்துவிட்ட மாதிரி ஆயிரம் இறக்கை ஒன்றாகக் கிளம்பியது! பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் கிடுகிடுவென்று போனார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"தம்பிங்களா, இதுங்க இன்னும் ரெண்டு வாரத்துல ஆயிரக்கணக்கான மைல் பறக்கணும். இப்பதான் தின்னு தின்னு கொழுப்பு சேர்க்குதுங்க. அதுதான் வழிச்செலவுக்குப் பெட்ரோல். நீங்க ஒரு படத்துக்காக எழுப்பி விட்டா, பெட்ரோல் வீணாகுது. நாளைக்கு இன்னொருத்தன் எழுப்புவான். பாதி வழியில நின்னு போச்சுன்னா?"

ஒருவர் "சாரி அண்ணே" என்றார். மற்றவர் படத்தைச் சரிபார்த்துக்கொண்டு இருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் நுழைந்து படம் எடுப்பதற்கு அனுமதி வேண்டும். இது பலருக்குத் தெரியும். பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்தச் சட்டத்தில் 'வேட்டை'தான். துப்பாக்கி வேண்டியது இல்லை. நல்ல படத்துக்காகக் கிளையை ஒடித்துக் கூட்டைத் திறந்து காட்டினாலே போதும், கம்பி எண்ணும் குற்றம்!

இதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. 29-வது பிரிவு. சரணாலயத்துக்கு வரும் தண்ணீரை அனுமதி இல்லாமல் திருப்பவோ தடுக்கவோ கூடாது. ஊசுட்டேரிக்கு வரும் வாய்க்கால் எந்தெந்த ஊர் வழியாக, எந்தெந்த மனைக்குப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு நாள் யாராவது நடந்து பார்க்கலாம். காமிராவோடு நடந்தால் ரொம்ப நல்லது.

நான்கு முட்டை

வெயில் ஏறிவிட்டது. டீக்குத் திரும்பலாம் என்று செம்மண் ரோட்டு வழியாக வந்தோம். புதிதாகக் கல் நட்ட மனை. புல் பூண்டு இல்லாமல் வழித்து விட்டு இருந்தார்கள்.

திடீர் என்று தலைக்கு மேலே ஒரு ஆள்காட்டிக் குருவி வட்டம் போட்டுக் கத்தியது. விடாமல் கத்தியது. அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். என் கையையும் பிடித்து நிறுத்தினார்.

"அசையாதீங்க. கீழ பாருங்க. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம்."

பத்தடி தூரத்தில், 14 என்று நம்பர் போட்ட கல்லுக்குப் பக்கத்தில், ஜல்லிக்கு நடுவே நான்கு முட்டைகள். மண் நிறம், கறுப்புப் புள்ளி. சொல்லாவிட்டால் மிதித்தே இருப்பேன். ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுவது இல்லை. வெட்டவெளித் தரையில்தான் முட்டை இடும். மேடு தட்டி வழித்து வைத்த மனை, அதற்கு நல்ல பொட்டல் என்று தோன்றிவிட்டது போலும்.

நான் செல்போனை எடுத்தேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

"வேணாம். நாம நிக்கிற வரைக்கும் அது வந்து உக்காராது. இந்த வெயில்ல முட்டை வெந்துடும். வாங்க."

தார் ரோடு வரை வேகமாக நடந்து வந்தோம். திரும்பிப் பார்த்தால், பறவை இறங்கிவிட்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நடந்து போய் உட்கார்ந்துகொண்டது.

அண்ணன் சின்ன லென்சை மாட்டினார். ரோட்டில் நின்றபடியே ஒரு படம் எடுத்தார். காமிராவின் பின்பக்கத் திரையில் எனக்குக் காட்டினார். கல் வரிசை, வளைவு, கம்பம், தூரத்தில் ஏரி. நடுவில் கடுகு மாதிரி ஏதோ ஒன்று.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கையில் டைரி.

"சார், மனை பார்க்க வந்தீங்களா? கார்னர் பிளாட் ஒண்ணுதான் பாக்கி. 14-ம் நம்பர்."

"பார்த்தாச்சுங்க" என்றார் அண்ணன். "இன்னும் ஒரு மாசம் கழிச்சி வர்றேன். அதுவரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க."

அவர் டைரியில் குறித்துக்கொண்டார்.